ஆணி ஒன்றுக்கு நூறு ரூபாய்

எஸ்தர்பாய் டீச்சர் நேற்றே வந்து சொல்லிவிட்டார்:
அட்வான்ஸில பிடிப்பேன், கேட்டியா,
ஆணி ஒண்ணுக்கு நூறு ரூவா.

மார்த்தாண்டத்திலிருந்து படந்தாலுமூடு
ஐந்தாறு கிலோமீட்டர், நடுவில் ஒரு பாலம்.
தூரமே இல்லை.
ஆனாலும் ஒரு வீட்டை மூட்டை கட்ட
அறுநூறு கிலோமீட்டருக்கு ஆகிற சாக்கும் கயிறும்
இதற்கும் ஆகிறது.

அட்டைப்பெட்டிகள் தேன் கடையில் கேட்டு வாங்கியவை.
எத்தனை துடைத்தும் அடியில் ஒரு பிசுக்கு.
என் சேலைகள் தேன் மணக்கின்றன.
பைபிளும் பிரஷர் குக்கரும்
ஜெபினின் சர்டிபிகேட்டுகளும் தேன் மணக்கின்றன.
சனிக்கிழமை கட்டி வைத்ததை
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்த்தால்
எறும்புகள் எங்களுக்கு முன்பே
குடிபோகத் தயாராகி வரிசையில் நிற்கின்றன.

பெட்டிமேல் பெயர் எழுதுவது ஜெபின்.
அடுக்களை. துணி. புஸ்தகம்.
ஒன்றுக்கு மட்டும் பேனாவைக் கடித்துக் கடித்து
‘என்னன்னு தெரியாது’ என்று எழுதினான்.
பூட்டில்லாத சாவி நாலு,
செத்துப்போன ரிமோட்,
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் ஒற்றைக் கால்,
யாருடையதென்று மறந்துபோன எக்ஸ்ரே.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம்: இடது முழங்கை.
நானும் அவனும்
அவரவர் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

ஆணிகள் பதினேழு.
சலாலாவிலிருந்து வந்தால்
பெட்டியை அவிழ்க்கும் முன்பே
சுத்தியல் எங்கே என்பார் அவர்.
சுவரைத் தட்டித் தட்டிக் காது வைப்பார்,
முதுகைத் தட்டிப் பார்க்கும் டாக்டர்போல.
முதல் லீவில் கடிகாரம், குருசு, கண்ணாடி.
அடுத்ததில் கொசுவலைக்கு நாலு மூலை.
பிறகு என்ன மாட்டுவதென்று தெரியாமலே
வராந்தாவில் இரண்டு.
வாடகை ரசீதுகளை அடுக்கும்போது
பாஸ்போர்ட் நகல் கையில் வந்தது.
முத்திரைத் தேதிகளைக் கூட்டிக் கழித்தேன்,
சும்மாதான்.
ஆறு வருடத்தில் நாலு லீவு.
இந்த வீட்டில் அவர்
நூற்றுப் பதினொரு நாள் இருந்திருக்கிறார்.

ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
கொசுவலை ஆணி ஒன்று
சுவரில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தது.
துளைகளில் பற்பசை அப்பி
பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்தேன்.
ஜெபின் மோந்து பார்த்துவிட்டு,
‘அம்மா, வீடு பல்லு தேச்சிருக்கு.’

வீடியோவில் அவர்.
போனைத் திருப்பு, அந்தப் பக்கம், கொஞ்சம் மேலே,
என்று சுவர் சுவராய்ப் பார்த்தார்.
ஃபேனை விட்டுடாத. மாடித் தொட்டி மூடி நம்மது.
அப்புறம் பேச்சில்லை.
நெட்வொர்க் என்று நினைத்து
ஹலோ ஹலோ என்றேன்.
‘அந்த அடுக்களை வாசல் ஆணி
நான் அடிச்சதில்ல, கேட்டியா?’

காலண்டர் ஆணி.
நாங்கள் வரும்போதே இருந்தது.
பிடுங்கினால், பக்கத்திலேயே பெயிண்டுக்கு அடியில்
உப்பிய ஒரு பொட்டு.
நகத்தால் கீறினேன்,
இளம்பச்சையாய் உதிர்ந்தது.
நாங்கள் ஒருநாளும் பச்சைப் பேஸ்ட் வாங்கியதில்லை.

அவளிடமும் டீச்சர் நூறு ரூபாய் சொல்லியிருப்பார்.
இல்லை, அப்போது ஐம்பதாக இருந்திருக்கும்.

பிடுங்கிய ஆணியை அதே துளையில் வைத்து
உள்ளங்கையால் அழுத்தினேன்.
ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும்.

பிஜுவின் டெம்போ ஹாரன் அடிக்கிறது.
இடவப்பாதி மழை, தார்ப்பாயில் ஓட்டை,
ஓட்டைக்கு நேர் கீழே மெத்தை.
பதினாறும் ஜெபினின் பழைய ஜாமெட்ரி டப்பாவில்.
வளைந்த நாலை அம்மிமேல் வைத்து
நிமிர்த்தி எடுத்திருந்தேன்.
அதை மட்டும் டெம்போவில் ஏற்றவில்லை.

படந்தாலுமூட்டு வீட்டுக்காரர்
சாவியைக் கையில் தரும்போதே சொன்னார்:
புதுப் பெயிண்டாக்கும்,
சுவரில ஆணி கீணி அடிச்சிராதீங்க.

சரி என்றேன்.
தோள்பை கிலுங்கியது.